72,000 ரூபாய் சம்பளத்துக்கு எவ்வளவு வீடு?

தாம்பரத்தில் அந்த வங்கியின் வீட்டுக்கடன் பிரிவு மாடியில் இருக்கிறது. கீழே பணம் கட்டுகிற, எடுக்கிற கூட்டம். மேலே வருகிறவர்கள் பெரும்பாலும் கணவன் மனைவியாக வருகிறார்கள். கையில் ஃபைல், அதற்குள் சம்பளச் சீட்டு, படிவம் 16, ஆதார், பான். நானும் என் அக்கா மகனோடும் அவன் மனைவியோடும் போயிருந்தேன். அவனுக்கு 34 வயது. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறான். அவள் தனியார் பள்ளி ஆசிரியை. சேலையூரில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார்கள். விலை 58 லட்சம்.

"பேங்க்ல எவ்ளோ குடுப்பாங்கன்னு தெரிஞ்சா அட்வான்ஸ் குடுத்துடலாம் மாமா" என்று சொல்லித்தான் என்னைக் கூட்டி வந்தான். கடன் தொகை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது அவன் நினைப்பு. வீடு வாங்கப் போகிற பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். இந்த நினைப்பு எங்கெங்கே இடிக்கிறது என்பதை அன்று அந்த மேசையிலும், பிறகு அந்த ஃபிளாட்டிலும், கடைசியில் அவர்கள் வீட்டிலும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மேசையில் இருந்தவர் ஐம்பதைத் தாண்டிய பெண் அதிகாரி. கணினி எதிரிலேயே இருந்தும், ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு நம்பர் வரும். அது எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. எழுதியே பார்த்துடுவோம் தம்பி" என்றார். அவரிடம் எனக்கு அந்த நிமிடமே மரியாதை வந்துவிட்டது.

சம்பளச் சீட்டில் மொத்தம் 72,000. பி.எஃப்., தொழில்வரி, குழுக் காப்பீடு எல்லாம் போகக் கையில் வருவது 67,000. அவன் இத்தனை நாளும் 72,000-ஐ வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தான். அவர் 67,000-இல் தொடங்கினார். தொடங்கிய கையோடு ஒரு வரியில் விரலை வைத்தார். ஓவர்டைமும் நைட் ஷிஃப்ட் படியுமாக 6,000 ரூபாய்.

"இது எல்லா மாசமும் வருமா?"

"ஆர்டர் இருந்தா வரும் மேடம்."

"அப்ப பாதிதான் எடுத்துக்குவோம்."

67,000 போய் 64,000 ஆனது. அதில் பாதி 32,000 என்று எழுதி அடிக்கோடு போட்டார். மாதச் சம்பளத்தில் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து இவ்வளவுதான் போகலாம் என்று ஒவ்வொரு வங்கியும் ஒரு விகிதம் வைத்திருக்கிறது. சம்பளம் குறைவாக இருந்தால் 40 சதவீதம், நல்ல சம்பளம் என்றால் 60 வரைகூடப் போகும். இந்த வங்கியில், இந்தச் சம்பளத்துக்குப் பாதி. 'எல்லாக் கடன் தவணைகளும்' என்பதை அவன் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கடனுக்கே 32,000 என்று எடுத்துக்கொண்டு முகம் மலர்ந்து மனைவியைப் பார்த்தான்.

அதற்குள் அவர் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையைப் புரட்ட ஆரம்பித்திருந்தார். பென்சிலால் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வரியைச் சுழித்துக்கொண்டே வந்தார். 3,900 ரூபாய், பைக் கடன். அது அவன் சொன்னதுதான். கணினியில் சிபில் அறிக்கையைத் திறந்தபோது இன்னொன்று வந்தது. மாதம் 2,100. ஃபிரிட்ஜ் வாங்கியபோது கடையிலேயே போட்டுக்கொடுத்த தவணை, மனைவி கணக்கிலிருந்து போகிறது, ஆனால் கடன் இவன் பெயரில். அவனுக்கு அது கடன் என்ற நினைப்பே இல்லை. 300-இலிருந்து 900 வரை போகும் அந்த அறிக்கையின் மதிப்பெண்ணில் இவனுக்கு 768. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக முகம் சுளிப்பதில்லை. மதிப்பெண்ணை அவர் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அவர் தேடியது இந்த மாதிரி சின்னச் சின்னத் தவணைகளை.

32,000-இல் 6,000 போனால் 26,000.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டை இருந்தது. அச்சடித்த எண்களைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் புது எண்களை எழுதியிருந்தார்கள். வட்டி மாறும்போதெல்லாம் அடித்து எழுதியிருக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு, இத்தனை வருடத்துக்கு, மாதத் தவணை இவ்வளவு என்ற பட்டியல் அது. அன்று அவர்கள் சொன்ன வட்டி 8.5 சதவீதம். அந்த வட்டிக்கு 20 வருடத்தில் அடைக்க லட்சத்துக்கு 868 ரூபாய். வீட்டுக்கடன் கணக்கு முழுவதும் இந்த ஒரு எண்ணில் அடங்கிவிடுகிறது. உங்களால் கட்ட முடிகிற தொகையை 868-ஆல் வகுத்தால் எத்தனை லட்சம் என்று வந்துவிடும். 26,000-ஐ வகுத்தார். 30 லட்சத்துக்கு ஒரு துளி குறைவு.

58 லட்சம் வீட்டுக்கு 30 லட்சம் கடன். அவன் பேச்சு நின்றுவிட்டது.

"ஏன் தம்பி முகம் இப்படி ஆயிடுச்சு? அந்த ரெண்டு கடன்லயும் இன்னும் எவ்ளோ பாக்கி?" என்று கேட்டார். பைக்குக்கு 14 தவணை, ஃபிரிட்ஜுக்கு 8. இன்றைக்கே மொத்தமாக அடைத்தால் சுமார் 66,000 ரூபாய். "அதை முடிச்சு, நோ டியூ சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க" என்று தாளில் மறுபடி வகுத்தார். 32,000-ஐ 868-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 37 லட்சம். 66,000 ரூபாயை அடைத்தால் 7 லட்சம் கூடுதலாகக் கடன் கிடைக்கும். மாதத் தவணை என்று பார்த்தால் 2,100 ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 20 வருடக் கடனில் அது 2.4 லட்சத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பண்டிகைத் தள்ளுபடியில் செல்போனும் டி.வி.யும் 'வட்டியில்லாத் தவணை'யில் வாங்கிப் போடுகிற இளம் தம்பதிகள் எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்தைய ஒரு வருடம் கைக்காசு கொடுத்து வாங்க முடியாத எதையும் வாங்காமல் இருப்பது நல்லது.

அடுத்து அவன் கேட்டது எல்லோரும் கேட்பது. வருடத்தைக் கூட்டினால் கடன் கூடுமா? 60 வயதில் ஓய்வு, இவனுக்கு 25 வருடம்கூடத் தரலாம் என்றார். அட்டையில் 25 வருடத்துக்கு லட்சத்துக்கு 805. கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் அவர் அதோடு விடவில்லை. 30 லட்சத்தை 20 வருடத்தில் அடைத்தால் மொத்தம் கட்டுவது 62.5 லட்சம். அதே 30 லட்சத்தை 25 வருடத்தில் அடைத்தால் 72.5 லட்சம். மாதம் 1,900 ரூபாய் குறைகிறது என்பதற்காகப் பத்து லட்சம் கூடுதல். "வயசு 45 ஆனவங்களுக்கு இந்த சாய்ஸே கிடையாது. 15 வருஷம்தான், லட்சத்துக்கு 985. உங்களுக்கு வயசு இருக்கு, அதை இப்பவே செலவு பண்ணிடாதீங்க" என்றார்.

அவள் அதுவரை பேசவில்லை. "என் சம்பளத்தையும் சேர்க்கலாமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். தாராளமாகச் சேர்க்கலாம், சக விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் 22,000. அதில் 15,000 வங்கியில் வரவாகிறது, 7,000 கவரில் வருகிறது. வங்கிக்குத் தெரிவது 15,000 மட்டும். அதில் பாதி 7,500, அதற்கு 8.6 லட்சம். கவரில் வரும் 7,000-மும் கணக்கில் வரவாகியிருந்தால் இன்னும் 4 லட்சம் கூடியிருக்கும். பள்ளி நிர்வாகம் மிச்சப்படுத்திக்கொள்ளும் பி.எஃப்.புக்கு விலை கொடுப்பது அந்த ஆசிரியை. எனக்கு அதைக் கேட்டபோது கோபமாக வந்தது. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஆக, சின்னக் கடன்களை அடைத்து, இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் வருமானத்தின்படி 45 லட்சத்துக்கு மேல் கடன் தரலாம். அவனுக்கு உயிர் வந்துவிட்டது. "வட்டிக்கு வருமான வரியிலயும் கழியும்ல மேடம்?" என்றான். அவன் இருப்பது புது வரி முறையில். குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியை அதில் கழிக்க முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அவர் தாளைத் திருப்பினார்.

"இது உங்க சம்பளத்துக்கு நாங்க குடுக்கக்கூடியது. இனிமே வீட்டைப் பார்க்கணும். ரெண்டுல எது கம்மியோ அதான் உங்க கடன்."

வீட்டின் மதிப்பில் எவ்வளவு சதவீதம் வரை கடன் தரலாம் என்பதை ரிசர்வ் வங்கி வரையறுத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம். 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேல் 75 சதவீதம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. 10 லட்சத்துக்குள் அடங்கும் மிகச் சிறிய வீடுகளுக்கு மட்டும் அதில் விலக்கு. மதிப்பு என்பது விற்பவர் சொல்லும் விலையும் இல்லை. விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை ஒன்று, வங்கியின் மதிப்பீட்டுப் பொறியாளர் எழுதித் தருவது ஒன்று. இரண்டில் குறைந்தது.

"அக்ரிமென்ட்ல எவ்ளோ எழுதப் போறீங்க?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்: வழிகாட்டி மதிப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்துப் பத்திரத்தில் 40 லட்சம் போட்டுக்கொள்ளலாம், மீதி 18 லட்சத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் பதிவுச் செலவு மிச்சம்தானே.

மிச்சம்தான். பழைய ஃபிளாட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 18 லட்சத்தை மறைத்தால் 1,62,000 ரூபாய் மிச்சமாகும். ஆனால் 40 லட்சத்தில் 80 சதவீதம் 32 லட்சம். கடன் அங்கேயே நின்றுவிடும். 58 லட்சம் வீட்டுக்கு மீதி 26 லட்சத்தை, பதிவுச் செலவு 3.6 லட்சத்தோடு சேர்த்து, கையிலிருந்து எடுக்க வேண்டும். அதில் 18 லட்சம் ரொக்கம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2015 முதல் விதி இருக்கிறது. அந்த ரொக்கத்தை வாங்குகிறவருக்கு அதே தொகை அபராதம். நாளைக்கு இவர்கள் இதே வீட்டை விற்கும்போது, வாங்கிய விலை 40 லட்சம் என்றுதான் பத்திரம் சொல்லும். மறைத்த 18 லட்சத்துக்கும் சேர்த்து இவர்கள் லாபக் கணக்குக் காட்டி வரி கட்ட வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் தன் வரியை இவர்கள் தலையில் மாற்றிவைக்கிறார் என்பதை அந்த அதிகாரி ஒரு வார்த்தைகூட அவரைக் குறைசொல்லாமல் விளக்கினார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் வீட்டை ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். அப்படியே செய்தோம். பல வங்கிகளுக்கு மதிப்பீடு எழுதித் தருகிற ஒருவரை எங்கள் செலவில் சேலையூருக்கு அழைத்துப் போனோம். வீட்டுக்காரர் புது மாடுலர் கிச்சனையும் ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கையும் காட்டி, "இதுக்கே நாலு லட்சம் ஆச்சு சார்" என்றார். பொறியாளர் தலையாட்டிவிட்டு நேரே பால்கனிக்குப் போனார். அதைக் கண்ணாடி போட்டு அடைத்து ஒரு சின்ன அறையாக்கியிருந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அது பால்கனி. வரைபடத்தில் இல்லாத அறைக்கு மதிப்புக் கிடையாது. பிறகு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடின் அடிப்புறத்தை அண்ணாந்து பார்த்தார். கம்பி துருப்பிடித்து சிமென்ட் பூச்சு விண்டிருந்தது. மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தார். கட்டடத்துக்கு வயது 14. கடன் முடிந்த பிறகும் கட்டடம் நிற்கும் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கீழே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து பத்திர நகலில் அவர் தேடியது ஒரே ஒரு எண். பிரிபடாத பாகம், யு.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வது. அந்த மனையில் இந்த ஃபிளாட்டுக்குச் சேர வேண்டிய நிலம். 420 சதுர அடி. "நிலம்தான் சார் விலை ஏறும். கட்டடம் வருஷா வருஷம் தேயும்" என்று சொல்லிக்கொண்டே செல்போனில் தட்டினார். நிலம் சதுர அடி 8,500 வீதம் 35.7 லட்சம். 870 சதுர அடிக் கட்டடத்துக்குத் தேய்மானம் போக சதுர அடிக்கு 2,100 வீதம் 18.27 லட்சம். மொத்தம் 54 லட்சம் போடலாம் என்றார். மாடுலர் கிச்சன் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

பத்திரத்தில் முழு விலையும் எழுதுவதாக வைத்துக்கொண்டாலும், 58-இல் இல்லை, 54-இல்தான் 80 சதவீதம். 43.2 லட்சம். வருமானம் 45-க்கு இடம் தந்தது, வீடு 43-இல் நிறுத்திவிட்டது. இந்த எண்ணோடு அவன் திருப்தியாகிவிட்டான். "43 கிடைச்சா போதும் மாமா, மீதி பதினஞ்சுதானே" என்று வண்டியைக் கிளப்பினான்.

பதினைந்து இல்லை. அன்று மாலை அவர்கள் வீட்டில், சமையலறை மேடையில் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவள் எழுத எழுத நாங்கள் கூட்டினோம். வீட்டு விலையில் கடன் போக 14.8 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 58 லட்சத்துக்கு 5.22 லட்சம். தரகருக்கு ஒரு சதவீதம். வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டுக் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அசல் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவு எல்லாம் தரகரோடு சேர்த்து 1.2 லட்சம். ஆக 21 லட்சத்துக்கு மேல், வெள்ளையடிக்காமலேயே. வங்கிகள் இதோடு ஒரு ஆயுள் காப்பீட்டையும் நீட்டும், பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்று சொல்லும். கடனுக்கு ஒரு பாதுகாப்பு அவசியம்தான். ஆனால் அதே வங்கி தரும் காப்பீட்டைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. தனியாக ஒரு டெர்ம் பாலிசி எடுத்தால் அதற்கு 20 வருடம் வட்டி கட்ட வேண்டியதில்லை.

கையில் இருப்பது சேமிப்பு 12 லட்சம், பி.எஃப்.பில் எடுக்கக்கூடியது 3 லட்சம், அவள் அப்பா தருவதாகச் சொன்னது 3 லட்சம். மொத்தம் 18. அதில் சின்னக் கடன்களை அடைக்க 66,000 போய்விடும். ஆறு மாதத் தவணையும் ஆஸ்பத்திரி அவசரத்துக்குக் கொஞ்சமும் தொடாமல் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். வேலை போனவர்களுக்கு முதல் தவணை தவறும்போது என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். அதையும் ஒதுக்கினால் வீட்டுக்குப் போடக்கூடியது 15 லட்சம். வங்கி 43 தரத் தயாராக இருக்கிறது, இவர்களிடம் 21 இல்லை. அந்த வீடு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பி வேறொன்றை எழுத ஆரம்பித்திருந்தாள். மாதச் செலவு. இப்போது கொடுக்கும் வாடகையை விட்டுவிட்டு, மற்றதெல்லாம். மளிகை, காய்கறி, பால் 16,000. பையன் பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 7,000. பெட்ரோல், பஸ் 6,000. கரண்ட், கேஸ், போன் 4,500. புது வீட்டுக்குப் பராமரிப்பும் தண்ணீர் லாரியும் 2,500. மருந்து, மருத்துவக் காப்பீடு 3,500. சீட்டு 5,000. கல்யாணம், காது குத்து, பண்டிகை என்று 4,000. கடைசியாகத் தஞ்சாவூரில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு 8,000.

"இந்த எட்டாயிரத்தை அந்த மேடம் கேக்கவே இல்லையே மாமா" என்றாள்.

கேட்க மாட்டார்கள். பெற்றோருக்கு அனுப்பும் பணம் எந்த சிபில் அறிக்கையிலும் வராது. சீட்டும் வராது, சீரும் வராது. வங்கியின் 50 சதவீதக் கணக்கில் எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி. முதியவர் இருவரைத் தாங்குகிற குடும்பமும், யாரையும் தாங்க வேண்டாத குடும்பமும் ஒரே 868-ஆல்தான் வகுக்கப்படுகின்றன. இதில் வங்கியின் மேல் எனக்கு வருத்தமில்லை. தான் கொடுத்த பணம் திரும்பி வருமா என்பதைப் பார்ப்பது அவர்கள் வேலை. பையனை அடுத்த வருடம் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது நம் வேலை. ஆனால் வங்கி சொல்லும் எண்ணையே நம் சக்தி என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. 'எனக்கு 45 லட்சம் வரை சாங்ஷன் ஆகும்' என்று சொல்வதில் ஒரு பெருமை சேர்ந்துவிட்டது.

செலவு கூட்டினால் 56,500. இருவர் கைக்கும் வருவது, கவரில் வரும் 7,000-ஐயும் சேர்த்து, 89,000. மிஞ்சுவது 32,500. அதிலும் மே மாதம் பள்ளியில் பாதிச் சம்பளம். வங்கி தருவதாகச் சொன்ன 43.2 லட்சத்துக்குத் தவணை 37,500. முதல் மாதத்திலேயே 5,000 துண்டு விழும்.

அவன், "இன்கிரிமென்ட் வரும்ல மாமா" என்றான். வரலாம். வட்டியும் ஏறலாம். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களெல்லாம் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்படும். 2022 மே மாதம் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ அடுத்த பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அப்போது கடன் வாங்கியிருந்தவர்கள் வீட்டில் நடந்ததை அவனுக்கு எண்ணில் காட்டினேன். 2021-இல் 6.75 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கியவருக்கு லட்சத்துக்குத் தவணை 760 ரூபாய். வட்டி இரண்டரை ஏறி 9.25 ஆனபோது, ஒரு லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 771. தவணையை மாற்றாமல் வருடத்தை நீட்டிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு, அசல் பெரிதாகக் குறைந்திருக்காவிட்டால், கட்டும் பணம் வட்டிக்கே போதாது. எத்தனை வருடம் நீட்டினாலும் அந்தக் கடன் அடையாது. அதன் பிறகுதான், 2023 ஆகஸ்டில், இப்படி அசல் வளரும்படி தவணைக் காலத்தை நீட்டக் கூடாது, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. கடன் வாங்கிய ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய உரிமை அது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது என்பதும் அப்படித்தான். போனஸ் வந்தால் அசலில் போடலாம்.

எனவே கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். 8.5 சதவீதம் ஒருநாள் 11 ஆனால் லட்சத்துக்குத் தவணை 1,032. அந்த மோசமான மாதத்திலும் இவர்கள் தாங்கக்கூடியது 32,500-க்குச் சற்று முன்பின். அதிலிருந்து வருவது 32 லட்சம் கடன். இன்றைய வட்டிக்கு அதன் தவணை 27,800. மாதம் கிட்டத்தட்ட 5,000 மிச்சம் இருக்கும். மே மாதத்துக்கும் அந்த மிச்சம் ஈடுகொடுக்கும். 11 ஆனால் 33,000. சீட்டு ஒன்றை நிறுத்தினால் சமாளித்துவிடலாம். தஞ்சாவூருக்குப் போகும் 8,000-இல் கை வைக்க வேண்டியிருக்காது. அவளுக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. அவன் அதற்குப் பிறகு இன்கிரிமென்ட் பேச்சை எடுக்கவில்லை.

32 லட்சம் கடன், 15 லட்சம் கைப்பணம். 47 லட்சத்தில் பதிவும் மற்ற செலவும் போக வீட்டுக்கு நிற்பது 42 லட்சம். 42-க்கு 9 சதவீதம் 3.78 லட்சம், மற்றவை 1.2. சரியாக இருக்கிறது. கட்டி முடித்த புது ஃபிளாட்டாக, முதல் விற்பனையாகக் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் சௌகரியம். 50 லட்சத்துக்குள் இருந்தால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 4 சதவீதம்தான், பதிவுக் கட்டணத்தோடு 6. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி. வேறு வரும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

58-இலிருந்து 42. சேலையூரில் அந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம். முடிச்சூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தள்ளிப் போக வேண்டும். ஒரகடத்துக்கு அவன் போகும் கம்பெனி பஸ் முடிச்சூர் வழியாகத்தான் போகிறது என்று அவனே சொன்னான். அவளுக்குப் பள்ளி தூரமாகும். அதை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும், அதில் நான் தலையிடவில்லை.

அவன் தரகருக்குப் போன் போட்டான். சேலையூர் வேண்டாம், 42-க்குள் இருந்தால் சொல்லுங்கள் என்றான். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு ஃபிளாட்டின் பெருமை நீளமாக வந்துகொண்டிருந்தது, லிஃப்ட், கார் பார்க்கிங், கிழக்குப் பார்த்த வாசல். அவன் இடைமறித்தான்.

"அதெல்லாம் அப்புறம் அண்ணே. பத்திரத்துல முழு விலையும் போடுவாங்களா? யு.டி.எஸ். எவ்ளோன்னு கேட்டு சொல்லுங்க. தாய்ப் பத்திரமும் முப்பது வருஷ வில்லங்கமும் நகல் குடுத்தாத்தான் வந்து பார்ப்போம்."